பொலேரோவில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் பொருத்துவது: கம்பம்மெட்டு மலைப்பாதைக்கு எது சரிப்படும்?

கம்பம் ஏலத்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். கம்பத்தில் குடியிருந்துகொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மருந்து தெளிப்பதற்காக ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் என்ஜின் பொருத்திய பவர் ஸ்பிரேயரும் ஏற்றிய ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை லேத் பட்டறையில் செய்து வாங்கியிருக்கிறோம். அதன் அச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது; இரண்டு சக்கரங்களிலும் பத்து அங்குல டிரம்மும் மின்காந்த பிரேக்கும் இருக்கின்றன. தொட்டி நிரம்பினால் மொத்த எடை ஏறத்தாழ ஒன்றரை டன் வரும். இழுக்கும் வண்டி பழைய பொலேரோ கேம்பர். அதில் டிரெய்லர் விளக்குகளுக்கான வயர் மட்டுமே இருக்கிறது. பிரேக்குக்கு எதுவும் இல்லை.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் கெட்டிக்காரர்தான், ஆனால் இப்படியொரு கருவியை அவர் இதுவரை பொருத்தியதில்லை. எந்த வகைக் கன்ட்ரோலர் (டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கருவி) வாங்குவது, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது, பிரேக் பெடலின் குறிப்பை எந்த வயரில் பிடிப்பது என்ற மூன்றையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

வணக்கம் ஐயா. முதலில் அந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் வயரிங் தானாக விளங்கும். டிரம்முக்குள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுத்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு சிறிது இழுத்துச் செல்லும். அந்த இழுப்பில் அது பிணைந்திருக்கும் நெம்புகோல் திரும்பி, ஷூக்களை (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் கட்டைகளை) வெளியே தள்ளும். ஆக, பிரேக் பிடிக்கும் விசையில் பெரும்பகுதி சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே வருகிறது. இதனால்தான் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரை மேட்டில் நிறுத்திப் பிடிக்க இந்த பிரேக்கை நம்பக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.

கன்ட்ரோலரில் வழக்கமாக நான்கு வயர்கள் வரும். கறுப்பு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக வர வேண்டியது. வெள்ளை, பேட்டரியின் நெகட்டிவுக்கு நேராகச் செல்ல வேண்டியது. சிவப்பு, பிரேக் லைட் சுவிட்சிலிருந்து குறிப்பு எடுப்பது. நீலம், டிரெய்லரின் காந்தங்களுக்குப் போவது. நிறம் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடாமல் கருவியோடு வரும் தாளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதலில் இணையுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போனால் கருவி அப்போதே கெட்டுவிடும்.

கறுப்பு வயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே 20 ஆம்பியர் பாதுகாப்பு ஒன்று வைக்க வேண்டும். தானே மீளும் வாகன சர்க்யூட் பிரேக்கர் கிடைத்தால் அதுவே சிறந்தது. சிலர் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி.யைக் கொண்டுவந்து என்ஜின் அறையில் மாட்டுகிறார்கள். அது அந்தச் சூட்டுக்கும் அதிர்வுக்கும் பேட்டரியின் நேர்மின்சாரத்துக்கும் (டி.சி.) ஆனதல்ல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வயரின் தடிமனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பட்டறைகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது அதுதான். பத்து அங்குல டிரம்மில் ஒவ்வொரு காந்தமும் ஏறத்தாழ 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு, அங்கிருந்து வண்டியின் பின்புறம், அங்கிருந்து அச்சு, பிறகு எர்த் வழியாகத் திரும்பி வரும் பாதை எல்லாம் சேர்த்தால் 18 மீட்டர் எளிதில் வந்துவிடும். விளக்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் மட்டுமே இழப்பு. காந்தத்தின் பிடி மின்சாரத்தைப் பொறுத்தது என்பதால் இந்த ஒரு வோல்ட் வித்தியாசம் இறக்கத்தில் காலுக்குத் தெரியும்.

சிவப்பு வயருக்கு வருவோம். பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்சில் ஒரு பக்கம் எப்போதும் மின்சாரம் இருக்கும். மறுபக்கத்தில் பெடலை மிதித்தால் மட்டுமே வரும். உங்களுக்கு வேண்டியது அந்த மறுபக்கம். மீட்டரை வைத்து, பெடலை விட்டால் சுழியமும் மிதித்தால் 12 வோல்ட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். பின்விளக்கில் இருந்து எடுக்காதீர்கள், சுவிட்சருகிலேயே எடுங்கள். பழைய கேம்பரில் இது எளிது. புதிய வண்டிகளில் அதே சுவிட்சிலிருந்து கணினிக்கும் ஒரு குறிப்பு வயர் போகும். அதைத் தவறுதலாகத் தொட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பால் சோதிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

பெர்த்தில் தேனிக்காரன்:

மேலே எழுதிய அண்ணன் வயரிங்கை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் கருவியின் வகையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் சக்கரங்கள் தரையில் சுமத்தும் எடை 750 கிலோவைத் தாண்டினாலே பிரேக் வேண்டும் என்பது விதி. மொத்த எடை 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்றுகொண்டால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். அதனால் இந்தக் கருவி இங்கே அன்றாடப் பொருள்.

வகை இரண்டு. ஒன்று நேரத்தை அளந்து வேலை செய்வது: நீங்கள் பெடலை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும், முன்பே வைத்த அளவு வரை சிறிது சிறிதாக மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு போகும். விலை குறைவு. மற்றொன்று வண்டியின் வேகம் எவ்வளவு கடுமையாகக் குறைகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரியால் அளந்து, அதற்கு ஏற்ற அளவு மின்சாரம் அனுப்புவது. மலைப்பாதைக்கு இரண்டாவது வகையையே வாங்குங்கள். முதல் வகையில், வளைவுக்கு முன்னால் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே நீண்ட நேரம் இறங்கும்போது டிரெய்லருக்கு முழு அளவும் போய்க்கொண்டிருக்கும். டிரம் காய்ந்து லைனிங் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) பிடியை இழக்கும்.

பொருத்தும் இடமும் முக்கியம். சில கருவிகள் பயணத் திசைக்கு இணையாகவும் குறிப்பிட்ட சாய்வுக்குள்ளும் இருக்க வேண்டும். ரெட்ஆர்க் டோ-ப்ரோ போன்றவற்றில் முதன்மைப் பெட்டியை டாஷ்போர்டுக்குள் எந்தக் கோணத்திலும் வைத்துவிட்டு, அளவைத் திருப்பி வைக்கும் குமிழ் மட்டும் கைக்கு எட்டும்படி வைக்கலாம். எதுவானாலும் ஓட்டுநரின் முழங்கால் இடிக்காத இடமாகவும், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கை நீட்டினால் கிடைக்கும் இடமாகவும் பாருங்கள். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், வண்டியின் பெடலை மிதிக்காமல் கருவியின் கைநெம்புகோலால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து இழுத்து நேராக்குவதற்கு அந்த எட்டுதூரம் உதவும்.

செங்கோட்டை ஜீப்:

எனக்கு இதில் ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் சரக்கு கொண்டுபோகும் எங்களுக்கு, இறக்கத்தில் பிரேக்கை நம்புவதைவிட கியரை நம்புவதே பழக்கம். இரண்டாவது கியரில் என்ஜின் பிடித்து இறங்கும்போது, பெடல் மிதிக்கப்படாததால் உங்கள் மின் பிரேக் ஒன்றும் செய்யாது. டிரெய்லரின் முழுத் தள்ளலும் ஜீப்பின் மேல்தான் விழும். அப்படியானால் வண்டியை டிரெய்லர் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பழைய இயந்திர பிரேக் போதாதா? அதற்கு வயரும் இல்லை, கருவியும் இல்லை.

இன்னொன்று: சாய்வில் உணரி ஏமாறாதா? வண்டி மூக்கை இறக்கிக்கொண்டு போகும்போது, வேகம் குறையாவிட்டாலும் குறைகிறது என்று அது எண்ணிவிடாதா?

பெர்த்தில் தேனிக்காரன்:

நல்ல கேள்வி அண்ணா. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிய தவறான எண்ணம் இங்கேயும் பரவலாக உண்டு. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டி இறங்கினால், உணரி புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கை முன்னோக்கிய இழுப்பாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் சீரான வேகத்தில் அந்தச் சரிவில் வண்டியைப் பிடித்து வைத்திருக்க, சமதரையில் அதே அளவு வேகத்தைக் குறைப்பதற்கு வேண்டிய பிரேக் விசையே தேவைப்படுகிறது. ஆகவே உணரி ஏமாறவில்லை. தேவையான விசையைத்தான் அது அளக்கிறது. இறக்கத்தில் பெடலைத் தொட்டதும் டிரெய்லர் தன் பங்கைத் தானே சுமக்கத் தொடங்குவது இதனால்தான். ஏற்றத்தில் இதற்கு நேர்மாறாகக் குறைவாகப் பிடிக்கும். அங்கே சரிவே வேகத்தைக் குறைப்பதால் அதனால் தீங்கில்லை.

முதல் கேள்விக்கு: தள்ளுவிசையால் பிடிக்கும் பிரேக் நீண்ட இறக்கம் முழுவதும், நீங்கள் பெடலைத் தொடாவிட்டாலும், பிடித்துக்கொண்டே வரும். நீங்கள் கியரில் இறங்க இறங்க டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்குமல்லவா? அதன் டிரம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. மின் பிரேக்கில் பிடிப்பதும் விடுவதும் உங்கள் காலில் இருக்கிறது. கியரில் இறங்குங்கள், வளைவுக்கு முன்னால் ஒருமுறை உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். அதற்குள் டிரம் ஆறிவிடும். கியருக்கு மாற்றாக இதை நான் சொல்லவில்லை.

போடி எஸ்டேட் ரோடு:

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் ஒன்றரை டன் என்ற கணக்கை வைத்தே பேசுகிறீர்கள். ஏலத்தோட்டத்தில் தெளிப்பான் டிரெய்லர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கம்பத்திலிருந்து யாரும் தண்ணீர் சுமந்துகொண்டு மலையேறுவதில்லை. தோட்டத்துக் குளத்தில்தான் தொட்டி நிரம்புகிறது. நிரம்பிய தொட்டியோடு ஓடுவது தோட்டத்துக்குள்ளே, மண்பாதையில், ஆள் நடக்கும் வேகத்தில். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தொட்டி காலி. அதாவது மலைப்பாதையில் அந்த டிரெய்லரின் எடை முழுச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும்.

முழுத் தொட்டிக்கு ஏற்றபடி கருவியின் அளவை (பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்ற எண்ணை) வைத்துவிட்டு, அதே அளவோடு காலி டிரெய்லரை மழையில் இறக்கினால் என்ன ஆகும்? பெடலைத் தொட்டவுடன் டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை. வளைவில் டிரெய்லர் வெளிப்பக்கமாக வழுக்கி, வண்டியின் பின்புறத்தைத் தள்ளித் திருப்பிவிடும். ஆடி மாதத்தில் மெட்டுப் பாதை எப்படி இருக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்: பனிமூட்டம், நனைந்த தார், ஓரத்தில் சகதி, எதிரே ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்புகள். குறைவாகப் பிடிக்கும் பிரேக்கைவிட அந்த இடத்தில் அதிகமாகப் பிடிக்கும் பிரேக்கே பெரிய ஆபத்து.

எனவே, தோட்டத்து வாசலை விட்டு வெளியேறும் முன் அளவைக் குறைப்பதைக் கட்டாயப் பழக்கமாக்குங்கள். காலிக்கு ஓர் எண், முழுத் தொட்டிக்கு ஓர் எண், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்போது ஓர் எண் என்று எழுதி, டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஓட்டாத நாளில் வேறொருவர் ஓட்டுவார். அவருக்கும் அது தெரிய வேண்டும். பாதித் தொட்டியோடு மட்டும் பாதைக்கு வராதீர்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதும்போது எந்த அளவும் சரியாக அமையாது.

கம்பம் ஏலத்தோட்டம்:

போடி அண்ணன் சொன்னது முழு உண்மை. தண்ணீரோடு மெட்டில் இறங்கும் தேவை எங்களுக்கு இல்லை. அந்த எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியுமா? டிரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பு எங்கள் எடைக்கும் தேவையா?

பெர்த்தில் தேனிக்காரன்:

ஆள் நடமாட்டம் இல்லாத, காய்ந்த, சமமான தார்ச்சாலை வேண்டும். அதற்கு முன் சிறிது தூரம் ஓட்டி, பலமுறை மிதமாகப் பிடித்து லைனிங்கைப் படிய விடுங்கள். புதிய லைனிங் முதல் நாளில் தன் முழுப் பிடியைக் காட்டாது. பிறகு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கைநெம்புகோலை முழுவதும் நகர்த்துங்கள். டிரெய்லர் இழுத்து நிறுத்துவது தெரிய வேண்டும், சக்கரம் பூட்டக் கூடாது. பூட்டினால் அளவைக் குறையுங்கள். இழுப்பு போதவில்லை என்றால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே இருக்கும் எண்தான் அந்தச் சுமைக்கான எண். காலியாகவும் நிறைத்தும் தனித்தனியே பாருங்கள். ஈரச் சாலைக்கு அதிலிருந்தும் குறைக்க வேண்டும்.

கழன்றால் பிடிக்கும் அமைப்பை எந்த எடைக்கும் வைப்பதே நல்லது. டிரெய்லரிலேயே ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, ஒரு சுவிட்ச், அதன் முள்ளிலிருந்து இழுக்கும் வண்டிக்கு ஒரு கம்பி. டிரெய்லர் பிரிந்தால் முள் பிடுங்கப்பட்டு, அந்த பேட்டரியே காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும். கம்பியை ஹிட்ச்சில் (வண்டியில் டிரெய்லரை மாட்டும் இணைப்பில்) கட்டாமல் வண்டியின் சட்டத்தில் கட்டுங்கள். ஹிட்ச்சே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும். கம்பியின் நீளம் அந்த அமைப்போடு வரும் தாளில் சொன்னபடி இருக்கட்டும். முள்ளை இழுத்துச் சோதிக்கும்போது டிரெய்லர் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த மின்சாரம் நீல வயர் வழியாகக் கன்ட்ரோலருக்குத் திரும்பி அதைக் கெடுக்கக்கூடும்.

மார்த்தாண்டம் லைசென்ஸ்:

சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வருகிறது. அதற்கென்று பதிவு வேண்டும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. கன்ட்ரோலர் ஒரு மின்கருவிதான் என்றாலும், ஹிட்ச்சும் டிரெய்லரும் அப்படியல்ல. உங்கள் கேம்பருக்கு எவ்வளவு எடை இழுக்க அனுமதி உண்டு என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று விளக்குவது வேறு, விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்பது வேறு.

கம்பம் ஏலத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. உணரி வகைக் கருவியை வாங்கிப் பொருத்திவிட்டோம். கறுப்பும் வெள்ளையும் பேட்டரிக்கு நேராக, 4 சதுர மி.மீ. வயரில் போயிருக்கின்றன. சிவப்பு, பெடல் சுவிட்சில் இருக்கிறது; மீட்டர் சரியாகக் காட்டியது. ஆனால் காலி டிரெய்லரில் அளவைக் கடைசிவரை கூட்டியும் இழுப்பு மந்தமாகவே இருக்கிறது. கன்ட்ரோலரின் கைநெம்புகோலை நகர்த்திவிட்டு டிரம் அருகே காதை வைத்தால் இரண்டு பக்கமும் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. ஆகவே காந்தங்களுக்கு மின்சாரம் வருகிறது. பிறகு எங்கே குறை?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

ரீங்காரம் கேட்பது நல்ல அறிகுறி. கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவதால் காந்தம் அப்படி இரையும். மின்சாரம் வருகிறது என்று மட்டும் அதிலிருந்து தெரியும், போதுமான அளவு வருகிறதா என்பது தெரியாது. நெம்புகோலை முழுவதும் நகர்த்திய நிலையில் இரண்டு அளவுகளை எடுங்கள். நீல வயரில் கன்ட்ரோலர் அருகே எத்தனை வோல்ட்? டிரெய்லரின் சட்டத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே எத்தனை வோல்ட்? இரண்டாவது அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை எர்த்தில்தான்.

கம்பம் ஏலத்தோட்டம்:

நீல வயரில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. டிரெய்லர் சட்டத்துக்கும் நெகட்டிவுக்கும் இடையே இரண்டு வோல்ட்டுக்கு அருகில் காட்டுகிறது. பிளக்கைத் திறந்து பார்த்தோம். எர்த் முள்ளில் வயரே இல்லை. டிரெய்லர் செய்த பட்டறையில் விளக்குகளுக்கு எர்த்தை ஹிட்ச் பந்து வழியாகவே விட்டிருக்கிறார்கள்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

அதுதான் ஐயா. பந்தில் கிரீஸ் இருக்கிறது, அதன்மேல் உட்காரும் டிரெய்லரின் கப்ளரில் பெயிண்ட் இருக்கிறது. விளக்குக்கு அந்த வழி எப்படியோ போதும். ஏழெட்டு ஆம்பியருக்குப் போதாது, வண்டி குலுங்கும்போது விட்டுவிட்டும் போகும். காந்தங்களின் இரண்டாவது வயர்களைச் சட்டத்தில் திருகாமல், ஒன்றாகச் சேர்த்து, 4 சதுர மி.மீ. வயரில் பிளக்கின் எர்த் முள்ளுக்குக் கொண்டுவாருங்கள். வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து அதே தடிமனில் பேட்டரி நெகட்டிவ் வரை நேராக இழுத்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு எங்கேயும் வேண்டாம். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். உங்கள் மழைக்குச் சாக்கெட் முள்கள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும், ஆகவே மூடி இறுக்கமாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்தைச் சரிசெய்த பிறகும் இழுப்பு குறைவாக இருந்தால், சக்கரத்தைத் தூக்கி, டிரம்மின் பின்தகட்டுத் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை) திருப்புங்கள். கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கிவிட்டு, லேசான உரசல் மட்டும் கேட்கும் வரை தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

கம்பம் ஏலத்தோட்டம்:

எர்த் வயர் இழுத்து முடித்தாயிற்று. சட்டத்துக்கும் நெகட்டிவுக்கும் இடையே இப்போது மீட்டர் ஏறத்தாழ ஒன்றும் காட்டவில்லை. காலி டிரெய்லரில், முன்பு கடைசிவரை கூட்டியும் நடக்காதது, அளவுகோலில் பாதிக்குக் கீழேயே நடக்கிறது. அதற்கு மேல் போனால் சக்கரம் பூட்டுகிறது. முழுத் தொட்டிக்கான எண்ணைத் தோட்டத்துக் களத்தில் மெதுவான வேகத்தில் பார்த்துக்கொண்டோம். மூன்று எண்களையும் எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம். டிரெய்லர் பேட்டரிக்கான சுவிட்சும் முள்ளும் இந்த வாரம் வருகின்றன. அவை பொருத்தப்படும் வரை தோட்டத்துக்குள்ளே மட்டும்தான் ஓட்டுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.